அறிவித்தலும் அறியச்செய்தலும்: கல்லூரிப் பணியாளர்களும் மின்னிலக்கக் கருவிகளும் – தமிழ்த்துறைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கற்பித்தல், மதிப்பீடு, ஊதியம், விடுப்பு, மாணவர் உதவித்தொகை ஆகிய பணிகள் இன்று இணையத் தளங்களின் வழியே நடைபெறுகின்றன. இத்தளங்களில் நேரும் மாற்றங்கள் ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் எவ்வாறு தெரிவிக்கப்படுகின்றன, தெரிவிக்கப்படும் செய்தி எவ்விடங்களில் தடைபடுகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்த்துறைகளில் எழுத்துக் குறியேற்றமும் செய்தியின் மொழியும் இத்தடையை மிகுவிக்கும் தன்மை தனியே கருதப்படுகிறது. செய்தியை அறிவிப்பது வேறு, அதனை அறியச்செய்வது வேறு என்னும் வேறுபாடு கட்டுரையின் அடிப்படையாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: சுற்றறிக்கை, கற்றல் மேலாண்மைத் தளம், ஒருங்குறி, திரைவாசிப்பான், கௌரவ விரிவுரையாளர், பணியிடைப் பயிற்சி

முன்னுரை

அரசுக் கல்லூரியில் பணியாற்றும் தமிழ் உதவிப்பேராசிரியர் ஒருவர் ஒரு கல்வியாண்டில் கையாள வேண்டிய தளங்களை எண்ணிப் பார்த்தால் அவற்றின் தொகை வியப்பளிக்கும். ஊதியச் சீட்டுக்கும் விடுப்புக்கும் மாநில அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை அமைப்பும் அதன் ‘களஞ்சியம்’ செயலியும் உள்ளன. மாணவர் விவரங்களுக்கு ‘யூமிஸ்’ எனப்படும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் அமைப்பு உள்ளது. திறன் பயிற்சிக்கு ‘நான் முதல்வன்’ தளம், அக மதிப்பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தின் தேர்வுத் தளம், வகுப்புக்குக் கூகுள் கிளாஸ்ரூம் அல்லது மூடுல், அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் விவரப் படிவம், தரமதிப்பீட்டுக்கு ஆண்டறிக்கைப் படிவம் என அவை நீள்கின்றன. அவர் ஆய்வு நெறியாளராகவும் இருப்பின் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியமும் ஒப்புமை சரிபார்ப்பு மென்பொருளும் சேரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. தனிக் காலக்கெடு உண்டு. பெரும்பாலானவற்றின் திரைமொழி ஆங்கிலம்.

இத்தளங்கள் நன்மை செய்கின்றனவா, சுமையாகின்றனவா என்பது வேறோர் ஆய்வுக்குரியது. அவை நிலைபெற்றுவிட்டன என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றில் நேரும் மாற்றம் உரியவரை உரிய காலத்தில் சென்றடைகிறதா என்னும் வினாவை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இது நிருவாகத்தார் மட்டுமே கவலைப்பட வேண்டிய சிறு செய்தியன்று. ‘புதுமைப்பெண்’ திட்டம் 05.09.2022 அன்றும், ‘தமிழ்ப்புதல்வன்’ திட்டம் 09.08.2024 அன்றும் தொடங்கப்பட்டன. இரண்டிலும் தகுதியுடைய மாணவருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. ஒரு மாணவியின் விவரத்தில் எந்தக் கட்டம் நிரப்பப்படவில்லை என்பதை வகுப்பாசிரியர் அறியாதிருந்தால், அத்தொகை அவளுக்குக் காலம் தாழ்ந்தே கிடைக்கும். பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அத்தொகையை நம்பியிருக்கும் வீடுகள் பல.

சுற்றறிக்கைப் பதிவேடும் வாட்சப் குழுவும்

அரசிடமிருந்து கல்லூரிக் கல்வி இயக்ககம், அங்கிருந்து மண்டல இணை இயக்குநர் அலுவலகம், அங்கிருந்து முதல்வர், முதல்வரிடமிருந்து துறைத்தலைவர், அவரிடமிருந்து ஆசிரியர் எனச் செய்தி படிப்படியாக இறங்கிவருவது நெடுங்கால வழக்கம். கல்லூரிக்குள் அதன் இறுதிக் கட்டமாக இருந்தது சுற்றறிக்கைப் பதிவேடு. அலுவலக உதவியாளர் அப்பதிவேட்டை ஏந்தித் துறை துறையாகச் செல்வார். ஆசிரியர் படித்துவிட்டோ படிக்காமலோ கையொப்பமிடுவார். இம்முறையின் குறை வெளிப்படையானது. கையொப்பம் செய்தி வந்துசேர்ந்ததற்குச் சான்றாகுமே தவிர, அது விளங்கியதற்குச் சான்றாகாது.

ஆயினும் அப்பதிவேட்டுக்கு இருந்த சில சிறப்புகளை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்றே கூறவேண்டும். அதில் வரிசையெண் இருந்தது, நாள் இருந்தது, யார் வெளியிட்டது என்பது இருந்தது. மூன்று திங்கள் கழித்துத் தேடினாலும் அதே பக்கத்தில் அச்செய்தி கிடைத்தது. பின்னர் வந்த சுற்றறிக்கை முன்னதை நீக்குகிறதா என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். வாட்சப் குழு விரைவைத் தந்தது. மேற்கூறிய சிறப்புகளை எடுத்துக்கொண்டது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரங்கல் செய்திக்கும் இடையே ஒரு காலக்கெடு வந்து, அன்று மாலைக்குள் ஐம்பது செய்திகளுக்கு மேலே போய்விடுகிறது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டால் பழைய செய்தியும் புதிய செய்தியும் ஒரே தோற்றத்துடன் அக்குழுவில் நிலவுகின்றன. தொலைபேசியை மாற்றியவருக்கு முந்தைய செய்திகள் கிடைக்காமற் போவதும் உண்டு.

வாட்சப்பைக் கைவிட வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று; அது நடவாத காரியமும் ஆகும். குழுவில் வரும் செய்தி ஒரு கைகாட்டியாக இருக்க வேண்டும், அச்செய்தியின் நிலையான வடிவம் வேறோரிடத்தில் இருக்க வேண்டும் என்பதே கருத்து. கல்லூரி இணையத்தளத்தின் உட்பக்கமோ, துறைக்கென வைத்துள்ள கிளாஸ்ரூம் வகுப்போ, அனைவரும் திறக்கக்கூடிய ஒரே ஓர் ஆவணமோ அவ்விடமாகலாம். கருவி எதுவாயினும், நாளும் வரிசையும் கொண்ட பழைய பதிவேட்டின் ஒழுங்கு அதில் இருந்தாக வேண்டும்.

பயிற்சியும் அதன் எல்லையும்

ஆசிரியர்களைப் புதியன அறிந்தவராக வைத்திருக்கும் ஏற்பாடு இந்திய உயர்கல்விக்குப் புதிதன்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக்குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை ஏற்படுத்தியது. சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இயங்கிய அம்மையங்களில் புத்தறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் பெறாத மூத்த தமிழாசிரியர் அரியர். 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் மாறின. இப்போதைய திட்டத்தின் எட்டுக் கருப்பொருள்களுள் தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் ஒன்று.

இப்பயிற்சிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சி என்பது ஒரு காலப்புள்ளியில் நிகழ்வது. தளங்களோ தொடர்ந்து மாறுபவை. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கூகுளின் சேமிப்பிடக் கொள்கை. தொற்றுக் காலத்தில் எண்ணற்ற கல்லூரிகள் அந்நிறுவனத்தின் கல்விக் கணக்கைப் பெற்றன. வரம்பற்ற சேமிப்பிடம் உண்டு என்ற நம்பிக்கையில் வகுப்புப் பதிவுகளை ஏற்றின. 2021 பிப்ரவரியில் இவ்வசதி நிறுத்தப்படும் எனவும், 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்குமாக 100 டெராபைட் அடிப்படை வரம்பு நடைமுறைக்கு வரும் எனவும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆகவே அறிவிக்கவில்லை என்று யாரும் கூற இயலாது. அத்தகைய அறிவிப்பு செல்வது கல்லூரியின் தள நிருவாகிக்கு. சங்க இலக்கியத் தாளுக்கு நாற்பது மணிநேரம் பதிவு செய்து வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது தானே சென்று சேராது. எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை நீக்குவது என்று முடிவு செய்யத் தகுதியுடையவர் அவ்வாசிரியர் ஒருவரே. செய்தி பெற்றவர் ஒருவர், செயற்பட வேண்டியவர் மற்றொருவர் என்னும் இந்த இடைவெளி ஏறக்குறைய எல்லாத் தளங்களுக்கும் பொதுவானது. எந்தப் புத்தொளிப் பயிற்சியும் இவ்விடைவெளியை நிரப்ப வல்லதன்று.

விதிமுறைகளுக்கும் இது பொருந்தும். சுவயம் தளம் 09.07.2017 அன்று தொடங்கப்பெற்றது. அதன் வழியாகப் பெறும் தகுதிப்புள்ளிகளின் உச்சவரம்பு 2016ஆம் ஆண்டு விதிமுறையில் 20 விழுக்காடாக இருந்தது. 2021ஆம் ஆண்டு விதிமுறையில் 40 விழுக்காடாயிற்று. முந்தைய விதியை மனத்திற்கொண்டு மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர் தவறான செய்தி தருகிறார். அவர் பயிற்சி பெறாதவர் என்பது இதற்குக் காரணமாகாது. பயிற்சி பெற்ற ஆண்டு 2019 என்பதே காரணமாக இருக்கலாம்.

தமிழ்த்துறையின் தனிச்சிக்கல்: எழுத்து

வணிகவியல் துறைக்கு அனுப்பும் அதே வழிகாட்டுதலைத் தமிழ்த்துறைக்கும் அனுப்பினால் போதும் என்று கல்லூரிகள் கருதுகின்றன. அது போதாது. தமிழ்த்துறையின் பாடக்குறிப்பும் வினாத்தாளும் ஆய்வேடும் தமிழெழுத்தில் உள்ளன. அவ்வெழுத்து கணினிக்குள் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதே கருவி பயன்படுமா, பயன்படாதா என்பதை முடிவு செய்கிறது.

தமிழுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 23.06.2010 நாளிட்ட அரசாணையின் வழி ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இருப்பினும் பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் வழக்கம் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் துறைகளிலும் இன்றளவும் தொடர்கிறது. தாளில் அச்சிடும் வரை இதனால் தீங்கில்லை. தளத்தில் ஏற்றும்போதே சிக்கல் எழுகிறது. பாமினியில் தட்டச்சான ‘தமிழ்’ என்னும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். அவ்வெழுத்துரு இல்லாத கைப்பேசியில் மாணவர் காண்பதும் அதுவே. ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று ஆசிரியரிடம் அவர் கூறுவார், கோப்பு கெடவில்லை.

ஆய்வேடுகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. பழைய எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எப். கோப்பு திரையில் பிழையின்றித் தமிழாகவே தோன்றும். ஆனால் அதனுள் தேடினால் எந்தத் தமிழ்ச் சொல்லும் அகப்படாது. சோத்கங்காவில் அத்தகைய ஆய்வேடு இடம்பெற்றிருந்தாலும், அதன் தலைப்பைக் கடந்து உள்ளடக்கத்தைத் தேடுவோருக்கு அது இல்லாததற்குச் சமமே. ஒப்புமை சரிபார்ப்பிலும் இதே நிலைதான். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை எனவும், அதற்கு மேல் 40, 60 என்னும் எல்லைகளைக் கொண்டு மூன்று நிலைகளில் நடவடிக்கை உண்டு எனவும் வகுத்துள்ளன. மென்பொருள் ஒப்பிடுவது குறியீடுகளை. ஒரே பத்தி ஓர் ஆய்வேட்டில் பாமினியிலும் மற்றொன்றில் ஒருங்குறியிலும் இருந்தால் அவை தொடர்பற்ற இரு பனுவல்களாகவே அதற்குத் தோன்றும். எனவே பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் சுழிய விழுக்காட்டுச் சான்று எதையும் மெய்ப்பிப்பதில்லை. நேர்மையான ஆய்வாளருக்கும் இதனால் இழப்பு உண்டு. அவருடைய உழைப்பைப் பிறர் எடுத்தாண்டாலும் கண்டறிய வழியில்லை.

இதன் மறுபக்கத்தையும் கருத வேண்டும். மேற்கோளாக உரிய முறையில் காட்டப்பட்ட பகுதிகளைச் சரிபார்ப்பிலிருந்து விலக்கலாம் என அவ்விதிமுறைகள் கூறுகின்றன. மென்பொருள்கள் மேற்கோளைப் பொதுவாக மேற்கோள் குறியைக் கொண்டே இனங்காணும். செய்யுளைக் குறியின்றித் தனி வரிகளாக உள்தள்ளி எழுதுவது நம் மரபு. அம்மரபின்படி அமைந்த சங்கப் பாடல்களும் உரைப்பகுதிகளும் ஒப்புமைக் கணக்கில் ஏறிவிட, ஒருங்குறியில் எழுதிய நல்ல ஆய்வேடு உயர்ந்த விழுக்காட்டைப் பெறக்கூடும். நூலகர் அனுப்பும் அறிக்கையில் எண் மட்டுமே இருக்கும். அவ்வெண் எவ்வாறு வந்தது என்பதை நெறியாளருக்கு விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு அதனுடன் சென்றால், தேவையற்ற அச்சமும் தேவையற்ற திருத்தமும் தவிரும்.

இணையவழித் தேர்வுகளிலும் எழுத்து குறுக்கிடுகிறது. கூகுள் படிவத்திலோ மூடுலிலோ குறுவிடை வினாவுக்குத் தானியங்கி மதிப்பீட்டை அமைக்கும் ஆசிரியர் ‘ஔவையார்’ என்று விடை தருகிறார். மாணவர்களுள் சிலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கு அவை வேறு சொற்கள். மாணவருக்கு மதிப்பெண் கிடையாது. ஏன் கிடைக்கவில்லை என்பதும் அவருக்குப் புரியாது. ஒகர உயிர்மெய்களில் ஒற்றைக் குறியாகவும், எகரக் கொம்பும் காலுமாகவும் இருவகையில் உள்ளிட இயலும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரெனக் கொள்ளும். எல்லா மென்பொருளும் அவ்வாறு கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. தீர்வு எளிது. ஏற்கத்தக்க விடைகளாக இரு வடிவங்களையும் பதிவு செய்யும் வசதி இரு தளங்களிலும் உள்ளது. இந்த ஒரு வரிச் செய்தியைத் தமிழ்த்துறைக்குச் சொல்லத் தெரிந்தவர் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் அல்லர். தமிழும் கணினியும் அறிந்த ஒருவரே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையுடன் கல்லூரிகளில் தொடங்கப்பட்ட கணித்தமிழ்ப் பேரவை இப்பணிக்கு இயல்பாகவே பொருந்தும் அமைப்பாகும். விழாவும் போட்டியும் நடத்துவதோடு அது நின்றுவிடலாகாது.

பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் முதலிய மாற்றிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் கலந்த கோப்பை முழுமையாக மாற்றினால் அச்சொற்களும் பொருளற்ற தமிழெழுத்துகளாகிவிடும். மாற்றியபின் மெய்ப்புப் பார்க்காத கோப்பைத் தளத்தில் ஏற்றுவது, மாற்றாமலே ஏற்றுவதைவிடச் சிறந்ததன்று.

படமாக வரும் செய்தி

சுற்றறிக்கையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் குழுவில் இடுவது இன்று பரவலான பழக்கம். பார்வையுள்ளோர்க்கு அது சிறு இடையூறே, பெரிதாக்கிப் படித்துக்கொள்வர். பார்வைத்திறன் குறையுடைய ஆசிரியருக்கு அச்செய்தி வரவேயில்லை என்பதே உண்மை. தமிழ் முதலிய மொழிப்பாடத் துறைகளில் பார்வையற்ற ஆசிரியர் பலர் பணியாற்றுகின்றனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையின்மையும் குறைபார்வையும் உடையோர்க்கு உரியது. பணியில் அமர்த்துவதோடு சட்டத்தின் நோக்கம் நிறைவடைவதில்லை.

கணினியில் என்.வி.டி.ஏ., கைப்பேசியில் டாக்பேக் ஆகிய திரைவாசிப்பான்கள் திரையில் உள்ள எழுத்தை ஒலியாக்கித் தருகின்றன. அவை படிப்பது எழுத்துக் குறியீட்டை. ஒருங்குறித் தமிழாக இருந்தால் படிக்கும். பாமினியாக இருந்தால் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும். படமாக இருந்தால் ‘படம்’ என்று மட்டும் கூறும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன எனினும், சாய்ந்து எடுத்த படம், முத்திரை மறைத்த வரி, கையால் திருத்திய நாள் ஆகியவற்றில் அவை தடுமாறும். ஒரு சுற்றறிக்கையில் தவறவிடக் கூடாதது பெரும்பாலும் கையால் திருத்திய அந்த நாளே.

இதற்காகக் கல்லூரி எதையும் வாங்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் தட்டச்சு செய்த மூலக் கோப்பு எப்படியும் உள்ளது. அதிலிருந்து செய்தியை எழுத்தாகவே நகலெடுத்து இட்டால் போதும். மேலிடத்திலிருந்து படமாகவே வந்த ஆணையாயின், அதன் சாரத்தை ஐந்து வரிகளில் தட்டச்சு செய்து படத்தின் கீழே சேர்க்கலாம். பார்வையற்றோர்க்காகத் தொடங்கும் இவ்வழக்கத்தால், பின்னாளில் ஒரு சொல்லைத் தேடிச் செய்தியைக் கண்டெடுக்க விரும்பும் அனைவரும் பயனடைவர்.

செய்தி சென்றடையாதோர்

கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் பட்டியலில் யார் பெயர் உள்ளது என்பதை ஆராய்ந்தால், செய்தி எவருக்குச் செல்வதில்லை என்பது விளங்கும். அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் கணிசமான பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள் ஏற்று நடத்துகின்றனர். உதவிபெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் உள்ளனர். கல்லூரி முகவரியில் மின்னஞ்சல் இவர்களுக்குத் தரப்படாத இடங்கள் உண்டு. தரப்பட்டாலும் ஆண்டு முடிவில் கணக்கு மூடப்படும். தளத்தில் வருகைப்பதிவையும் மதிப்பெண்ணையும் ஏற்றும் வேலை மட்டும் அவர்களிடம் இருக்கும். உள்நுழையத் துறைத்தலைவரின் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் நிலை இதனால்தான் உருவாகிறது. ஒருவர் பணியிலிருந்து நீங்கிய பின்னும் அக்கடவுச்சொல் அவரிடமே இருக்கும். மதிப்பெண்ணில் பின்னர் ஓர் ஐயம் எழுந்தால் பதிவேற்றியவர் யார் என்பதற்குத் தளம் காட்டும் பெயர் துறைத்தலைவருடையதாகவே இருக்கும். இது துறைத்தலைவருக்கும் தீங்கு, விரிவுரையாளருக்கும் தீங்கு.

அலுவலகப் பணியாளர்களின் நிலை இன்னொரு வகையினது. தரமதிப்பீட்டு அவை நிருவாகம், நிதி, மாணவர் சேர்க்கை, தேர்வு ஆகிய நான்கிலும் மின்னாளுகையை ஓர் அளவுகோலாக வைத்துள்ளது. அந்நான்கையும் நாள்தோறும் இயக்குபவர்கள் கண்காணிப்பாளரும் உதவியாளர்களும் தட்டச்சரும் ஆவர். ஆசிரியர்க்கெனப் பயிற்சித் திட்டங்கள் பல இருக்க, இவர்கள் பெரும்பாலும் அடுத்த மேசையில் இருப்பவரைக் கேட்டே கற்கின்றனர். அடுத்த மேசைக்காரர் இடமாறுதலில் சென்றுவிட்டால் அறிவும் அவருடனே சென்றுவிடுகிறது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நாற்காலி, பீரோ, பதிவேடு ஆகியவற்றின் எண்ணிக்கையுடன், எந்தத் தளத்தில் எந்தப் பணி எந்த நிலையில் உள்ளது என்பதும் எழுதப்பட வேண்டும்.

செய்தியை எழுதும் முறை

‘ஏ.பி.சி. எண் உருவாக்காத மாணவர் விவரங்களை உடனே அனுப்பவும். மிக அவசரம்.’ இத்தகைய செய்தி எல்லாக் கல்லூரிக் குழுக்களிலும் வருவது. யார் அனுப்ப வேண்டும், யாருக்கு, எந்த வடிவத்தில், எப்போதைக்குள் என்பவை அதில் இல்லை. அறுபது பேர் படித்து, ஒவ்வொருவரும் இது பிறர்க்குரியது என்று கருத இடமளிக்கிறது. அதே செய்தியைப் பின்வருமாறு எழுதலாம்:

‘முதலாமாண்டு இளங்கலைத் தமிழ் வகுப்பாசிரியர் இருவருக்கு மட்டும். மாணவர் ஒவ்வொருவரும் டிஜிலாக்கர் வழியே பெற்ற 12 இலக்க ஏ.பி.சி. எண்ணை, ஆகஸ்டு 20 மாலை 4 மணிக்குள் புதிய பட்டியலில் நிரப்புக. பட்டியலின் இணைப்பு துறைப் பக்கத்தில் உள்ளது. சென்ற ஆண்டுப் பட்டியலைப் பயன்படுத்த வேண்டா. ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும் வேறுபட்டால் அம்மாணவரின் பெயரை மட்டும் தனியே எழுதி அலுவலகத்தில் தருக. மற்ற ஆசிரியர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.’

இரண்டாவது செய்தி நீளமானது. ஆனால் அதனைத் தொடர்ந்து வரும் இருபது தொலைபேசி வினாக்களை அது தவிர்க்கும். பெயர் வேறுபாடு பற்றிய வரியே அதன் உயிர். முன்னெழுத்துடன் பெயர் எழுதும் நம் வழக்கும், தந்தை பெயரை விரித்து எழுதும் ஆவண வழக்கும் மோதும் இடம் அது. வேறுபாடு நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்னரே சொல்லாத வழிகாட்டுதல் பாதி வழியில் கைவிட்டுவிடும். ‘மற்றவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை’ என்னும் இறுதி வரி, எல்லாச் செய்தியும் தமக்குரியதன்று என்னும் நம்பிக்கையை வளர்க்கும். தமக்குரியது வரும்போது அதை ஊன்றிப் படிக்க அந்நம்பிக்கை வேண்டும்.

மொழியைப் பற்றியும் கூறவேண்டும். தமிழ்த்துறைக்கு வரும் வழிகாட்டுதல் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் திரையில் ‘சப்மிட்’ என்னும் பொத்தான் ஆங்கிலத்தில் இருக்க, குறிப்பில் ‘சமர்ப்பி என்பதைச் சொடுக்குக’ என்று எழுதினால் புதியவர் அச்சொல்லைத் திரையில் தேடிக்கொண்டிருப்பார். செயல்முறைக் குறிப்பில் திரையில் உள்ள பெயரையே தமிழெழுத்தில் தருவதும், விளக்கத்தை நல்ல தமிழில் எழுதுவதும் பொருத்தமாகும். மூடுலைப் போலத் தமிழ் இடைமுகம் உள்ள தளத்தில் இந்த இடர்ப்பாடு இல்லை. கலைச்சொல்லாக்கத்தில் பற்றுடைய நமக்கு இது சற்று உறுத்தலாக இருக்கலாம். மொழிபெயர்ப்பில் தோன்றும் மயக்கத்தை நோக்க, இவ்வுறுத்தல் சிறிது. ஏ.பி.சி. என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் ‘கல்விக் கடன் வங்கி’ என்று மாணவருக்கு அனுப்பினால், தம் பெயரில் கடன் வாங்கப்படுவதாகப் பெற்றோர் அஞ்சுவதற்கு இடமுண்டு. ‘தகுதிப்புள்ளி’ என்றால் அம்மயக்கம் எழாது.

மாணவரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய பட்டியல்களைக் குழுவில் இடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் இல்லாதிருந்தாலும் ஒரு மாணவியின் தொலைபேசி எண்ணை நூறு பேர் காணும்படி இடுவது முறையன்று.

பொறுப்பும் நேரமும்

மேற்கூறியவற்றைச் செய்யத் துறைக்கு ஒருவர் வேண்டும். இப்போது அவ்வேலை, கணினி அறிந்தவர் என்று பெயரெடுத்த இளைய ஆசிரியரின் தலையில் தானாக வந்து விழுகிறது. அவர் மறுக்க இயலாதவர். பல இடங்களில் அவரே கௌரவ விரிவுரையாளருமாவார். பதவி மேம்பாட்டுக்கான 2018ஆம் ஆண்டு மானியக்குழு விதிமுறைகள் நான்கு பகுதிகளும் கொண்ட முழுமையான இணையவழிப் பாடத்தை உருவாக்கியவருக்கு 20 புள்ளிகள் தருகின்றன. துறைப் பக்கத்தை ஆண்டு முழுவதும் புதுப்பித்து, பழைய செய்தியை நீக்கி, சக ஆசிரியரின் அருகில் அமர்ந்து வழிகாட்டும் பணிக்கு அவ்வட்டவணையில் தனி இடமில்லை.

விதிமுறை மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி அளவிலேயே சிலவற்றைச் செய்யலாம். அப்பொறுப்பை முதல்வரின் எழுத்துமூல ஆணையால் வழங்குவது, அகத்தர உறுதிப்பாட்டு மையத்தின் ஆண்டறிக்கையில் அவர் பெயரைப் பதிவு செய்வது, பருவத் தொடக்கத்தில் கால அட்டவணை வகுக்கும்போதே வாரத்திற்கு இரண்டு மணிநேரத்தை அதற்கென ஒதுக்குவது ஆகியன நிதி தேவைப்படாதவை. அவ்விரண்டு மணிநேரம் அட்டவணையில் எழுதப்பட்டு, துறையின் கதவில் ஒட்டப்பட்டிருந்தால், ஓய்வு பெற ஓராண்டே உள்ள பேராசிரியரும் முதல் திங்களில் சேர்ந்த தட்டச்சரும் எந்த நேரத்தில் யாரிடம் சென்று கேட்கலாம் என்பதை அறிவர். கௌரவ விரிவுரையாளரிடம் அப்பணி தரப்படுமாயின், ஊதியத்திற்குக் கணக்கிடப்படும் மணிநேரத்தில் அவ்விரண்டும் சேர்க்கப்பட வேண்டும்.